டென்ஷன் என்கிறோமே, அது என்ன?

காலை மணி 6. சந்தாபுரா பஸ் நிறுத்தம். கூட்டம் நிற்கிறது.

ஓசூர் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகின்றன. லாரி, கம்பெனி பஸ், கார், ஸ்கூட்டர். பாதிக்கு மேல் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம்தான் போகின்றன.

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா நிற்கிறார். வயது 38 இருக்கும். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. தரை துடைக்க வேண்டும். மேசை துடைக்க வேண்டும். கழிப்பறை கழுவ வேண்டும். சம்பளம் தருவது கம்பெனி இல்லை. நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார். இந்த அம்மாவுக்குப் பெயர் வைக்க வேண்டாம். இவரைப் போல எத்தனையோ பேர் இந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.

7 மணிக்குள் மெஷினில் விரல் வைக்க வேண்டும். தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸில் ஏற இடம் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் குழுக் கடன் கட்ட வேண்டும். கையில் முழுப் பணம் இல்லை. மகன் 10 ஆம் வகுப்பு. டியூஷன் பணம் கேட்டு நேற்று சண்டை. வீட்டுக்காரருக்கு இந்த வாரம் பெயிண்ட் வேலை கிடைக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் கேட்கிறார்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. டென்ஷன்."

ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஆனால் அவர் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. கழுத்து இறுகிப் போயிருக்கிறது. காலையில் குடித்த டீ வயிற்றில் அப்படியே நிற்கிறது. இது எதுவும் மனப்பிரமை இல்லை. உடம்புக்குள் உண்மையாகவே ஒரு வேலை நடக்கிறது.

டென்ஷன் என்று நாம் சொல்வதைப் படித்தவர்கள் மன அழுத்தம் என்பார்கள். மன இறுக்கம் என்றும் எழுதுவார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயல் வரப்பில் நடந்து போகிறோம். காலடியில் பாம்பு. என்ன செய்கிறோம்? யோசிப்பதற்கு முன்னால் துள்ளிப் பின்னால் குதிக்கிறோம். குதித்த பிறகுதான் அது பாம்பா கயிறா என்று பார்க்கிறோம்.

அந்தத் துள்ளலுக்கு வேண்டிய பலம் எங்கிருந்து வந்தது?

நம் வயிற்றின் பின்பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்தது போல ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. ஆபத்து என்று மூளை சொன்னதும் அந்தச் சுரப்பி ஒரு நீரை ரத்தத்தில் கலக்கிறது. அதன் பெயர் அட்ரினலின். அது கலந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கை கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஓடுவதற்கு, அல்லது எதிர்த்து நிற்பதற்கு உடம்பு தயாராகிறது.

அதே நேரத்தில் அவசரம் இல்லாத வேலைகளை உடம்பு நிறுத்தி வைக்கிறது. செரிமானம் அதில் ஒன்று. அமெரிக்காவில் கேனன் என்று ஒரு மருத்துவ அறிஞர் இருந்தார். எக்ஸ்ரே கருவி வந்த புதிது. அவர் ஒரு பூனைக்கு உணவு கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் இரைப்பை அசைவது நின்றுவிட்டது. பூனை அமைதியானதும் மறுபடி அசைந்தது. மனம் கலங்கினால் வயிறும் கலங்கும் என்று நம் பாட்டிகள் சொல்வதை அவர் கண்ணால் பார்த்தார். இது பற்றி 1915 இல் புத்தகமும் எழுதினார்.

ஆகவே டென்ஷன் என்பது கெட்ட பொருள் இல்லை. சாலையைக் கடக்கும்போது லாரி வந்தால் நம்மை ஓட வைப்பது அதுதான். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளையைப் படிக்க வைப்பதும் அதுதான். கொஞ்சம் இருந்தால் நல்லது.

பாம்பு போய்விடும். போனதும் நெஞ்சு அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் குழுக் கடன் போவதில்லையே! அது வாரா வாரம் வருகிறது. சூப்பர்வைசர் தினமும் வருகிறார். வீட்டு வாடகை மாதா மாதம் வருகிறது. உடம்புக்குப் பாம்பும் தெரியாது, வட்டியும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மணியைத்தான் அடிக்கிறது. அந்த மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

கனடா நாட்டில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார். சில எலிகளைக் குளிரில் வைத்தார். சிலவற்றை ஓய்வில்லாமல் ஓட வைத்தார். சிலவற்றுக்கு ஒவ்வாத மருந்து கொடுத்தார். துன்பம் வேறு வேறு. ஆனால் எலியின் உடம்பு கெட்ட விதம் ஒன்றாக இருந்தது. அந்தச் சுரப்பிகள் வீங்கின. நோயை எதிர்க்கும் உறுப்பு சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. 1936 இல் இதை அவர் எழுதினார். ஸ்ட்ரெஸ் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அவரால்தான்.

மனிதருக்கும் அப்படித்தான். மாதக்கணக்கில் டென்ஷன் நீடித்தால் தூக்கம் கெடுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கட்டுக்குள் வர மறுக்கிறது. தலைவலி, கழுத்து வலி, வாய்வு என்று வருகிறது. சிலருக்குப் பசியே இல்லை. சிலர் கண்டதையும் தின்கிறார்கள். மறதி வருகிறது. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. சூப்பர்வைசர் மேல் வந்த கோபம் வீட்டில் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. அதைச் செய்துவிட்டு அந்த அம்மா இரவில் அழுதிருக்கிறார்.

யாருக்கு அதிகம்?

எலெக்ட்ரானிக் சிட்டி முன்பு கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற கிராமங்களின் நிலம். 1978 இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் இந்தத் தொழில் நகரை அமைத்தது. இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் டென்ஷன் உண்டு. அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே இரவு. அவர்களோடு பேச இவர்கள் இரவில் விழித்திருக்க வேண்டும். வேலையைக் குறித்த நாளில் முடிக்க வேண்டும்.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பொறுப்பு அதிகம் அல்லவா? லண்டனில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். அரசு அலுவலகங்களில் வேலை செய்த சுமார் 18,000 ஆண்களைப் பல வருடங்கள் கவனித்தார்கள். 1967 இல் தொடங்கிய ஆய்வு அது. முடிவு தலைகீழாக இருந்தது. மேலதிகாரிகளை விட, கடைசிப் படியில் இருந்த ஊழியர்கள்தான் மாரடைப்பால் அதிகம் இறந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் போன்றவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். அப்போதும் வித்தியாசம் முழுவதும் போகவில்லை.

ஏன்? 1985 இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு ஒரு காரணம் சொன்னது. தன் வேலையில் தன் சொல் செல்லாதவருக்கு நோய் அதிகம் வருகிறது. எப்போது செய்வது, எப்படிச் செய்வது, எப்போது கொஞ்சம் உட்காருவது என்று எதையும் அவர் முடிவு செய்ய முடியாது. வேலைச் சுமை மட்டும் ஆளை வாட்டுவதில்லை. கடிவாளம் தன் கையில் இல்லை என்பது இன்னும் வாட்டுகிறது.

ஹவுஸ் கீப்பிங் அம்மாவை நினைத்துப் பார்த்தால் இது புரியும். பஸ் அவர் கையில் இல்லை. சாலை நெரிசல் அவர் கையில் இல்லை. இன்று எந்த மாடி என்பதை சூப்பர்வைசர் சொல்கிறார். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும்.

பொம்மனஹள்ளிப் பெண்கள்

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், டென்ஷன் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் எல்லா டென்ஷனும் மூச்சில் போகாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சற்று வடக்கே, இதே ஓசூர் சாலையில், 2016 இல் நடந்தது இதைக் காட்டுகிறது.

பொம்மனஹள்ளியிலும் சுற்றுப்புறத்திலும் துணி தைக்கும் ஆலைகள் நிறைய. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களில் இருந்து வந்தவர்கள். அவர்கள் சம்பளத்தில் மாதா மாதம் பி.எஃப். பணம் பிடிப்பார்கள். வருங்கால வைப்பு நிதி என்பது அதுதான். தொழிலாளியின் பங்கு ஒன்று. முதலாளியின் பங்கு ஒன்று. வேலையை விட்டு 2 மாதம் வேறு வேலை இல்லாமல் இருந்தால் முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. இந்தப் பெண்களுக்கு அந்தப் பணம்தான் மகளின் கல்யாணம், வீட்டுக் கடன், மாமியாரின் ஆபரேஷன்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது. வேலையை விட்டால் தன் பங்கை மட்டும் எடுக்கலாம். முதலாளி பங்கை 58 வயதில்தான் எடுக்க முடியும்.

இந்தச் செய்தி ஆலைக்குள் வாய்வழியாகப் பரவியது. சிலருக்குப் பாதி புரிந்தது. சிலருக்குப் புரியவே இல்லை. பணமே போய்விட்டது என்று சிலர் நினைத்தார்கள். முதுகு ஒடியத் தைக்கும் பெண் 58 வயது வரை அந்த ஆலையில் இருப்பாரா? 40 வயதில் கண் மங்கிவிடுகிறது. எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்!

ஏப்ரல் 18 அன்று அவர்கள் வேலைக்குப் போகவில்லை. பொம்மனஹள்ளியில் சாலையில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள். ஓசூர் சாலை நின்றுவிட்டது. அடுத்த நாள் நகரின் வேறு இடங்களுக்கும் பரவியது. கல் வீச்சு நடந்தது. வண்டிகள் எரிந்தன. போலீஸ் தடியடி நடத்தியது. கண்ணீர்ப் புகை வீசியது. வண்டிகளை எரித்ததை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. அடிபட்ட பெண்களின் காயமும் சிறியது இல்லை. ஏப்ரல் 19 அன்றே மத்திய அரசு புதிய விதியைத் திரும்பப் பெற்றது.

அந்தப் பெண்களின் நெஞ்சுப் படபடப்புக்குக் காரணம் அவர்கள் மனதில் இல்லை. ஒரு காகிதத்தில் இருந்தது. காகிதம் மாறியதும் படபடப்பு நின்றது. இப்படிப்பட்ட டென்ஷனை ஒருவர் தனியாக இறக்கி வைக்க முடியாது. பலர் சேர வேண்டும். அதற்கு முன்னால், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கையில் இருப்பது எது?

அந்த அம்மாவிடம் திரும்பி வருவோம். அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. படுத்தால் கடன் நினைவு. யாருக்கு எவ்வளவு என்று தலைக்குள் கூட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு மாதிரி வரும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"தலையில வச்சுக்கிட்டா பூதம் மாதிரிதான் இருக்கும். எழுதிப் பாருடி."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்கள். குழுக் கடன் இரண்டு. ஏலச் சீட்டு ஒன்று. ஊரில் தங்கையிடம் கைமாற்று. மளிகைக் கடைப் பாக்கி. எந்தக் கிழமை, எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மொத்தம் 64,000 ரூபாய். சிறிய தொகை இல்லை. ஆனால் இரவில் அது 2 லட்சம் போலப் பயமுறுத்தியது.

எழுதிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. ஒரு குழுக் கடன் 5 வாரத்தில் முடிகிறது. அதுவரை புதுக் கடன் வாங்கக் கூடாது. தங்கையிடம் தீபாவளி வரை தவணை கேட்கலாம். மகனின் டியூஷன் வாத்தியாரிடம் நேரில் போய்ப் பாதி இப்போது, பாதி அடுத்த மாதம் என்று பேசலாம்.

குழுக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரிய வேண்டிய விதிகளும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 இல் இவற்றைப் போட்டது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் கட்டும் மாதத் தவணை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போகும் என்றால் கம்பெனி கடன் கொடுக்கவே கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் பணம் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. கர்நாடகத்திலும் 2025 இல் ஒரு சட்டம் வந்தது. கடன் வசூலுக்காக மிரட்டினால், அடித்தால், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 10 வருடம் வரை சிறை உண்டு. கடன் கட்ட வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அவமானப்பட வேண்டியதில்லை என்று பொருள்.

பஸ் விஷயத்திலும் ஒன்று நடந்தது. கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்த அம்மாவின் ஆதாரில் தர்மபுரி முகவரி. தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார். முகவரி மாற்றலாமா, மாற்றினால் ஊரில் எதற்கெல்லாம் சிக்கல் வரும் என்று விசாரிக்க அவருக்கு இரண்டு வருடம் நேரம் கிடைக்கவில்லை. டென்ஷனில் இருப்பவருக்கு இது சகஜம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவார். தள்ளிப் போட்டது இன்னொரு சுமையாகிவிடும்.

சாலை நெரிசலை அவர் சரி செய்ய முடியாது. சில்க் போர்டில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை 2010 இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்தது. நல்லதுதான். ஆனால் மெட்ரோ கட்டணம் ஹவுஸ் கீப்பிங் சம்பளத்துக்குத் தினமும் கட்டுப்படி ஆகுமா என்பது வேறு கணக்கு. அவர் செய்தது ஒன்றுதான். 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பினார். அதற்காக இரவே காய் நறுக்கி வைத்தார். மகனைத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். முதலில் அவன் முணுமுணுத்தான். பிறகு பழகிவிட்டான்.

உடம்பை எப்படி அமைதிப்படுத்துவது?

காரணத்தைக் கவனிக்கிறோம். அதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டால்? அப்போது மூச்சு உதவும். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். மெதுவாக விடுங்கள். பலருக்கு மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும். விடும்போது சற்று மெதுவாகும். ஆகவே மூச்சை இழுக்கும் நேரத்தை விட, விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். மனதுக்குள் 4 எண்ணி இழுக்கலாம். 6 எண்ணி விடலாம். ஐந்து நிமிடம் போதும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

தூக்கம் மிக முக்கியம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலில் அறையை இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அதற்கு உதவ வேண்டும். தூங்கப் போகும் நேரத்துக்கு 5, 6 மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்துவது நல்லது. குடித்தால் டென்ஷன் போகும், தூக்கம் வரும் என்று சில ஆண்கள் சொல்கிறார்கள். சாராயம் கண்ணை மூட வைக்கும். ஆனால் நடுராத்திரியில் எழுப்பிவிடும். விடிந்ததும் படபடப்பு முன்னை விட அதிகமாக இருக்கும். பர்சும் காலியாக இருக்கும்.

ஒரு மர பெஞ்சு

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல டாக்டர்கள் மிகக் குறைவு. ஒரு டாக்டரிடம் இளம்பெண் ஒருவர் சிகிச்சை பெற்று வந்தார். ஒரு முறை அவர் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருந்தது. பஸ்ஸுக்குப் பணம் இல்லை. வர முடியவில்லை. உயிரை விட்டுவிட்டார்.

டிக்சன் சிபாண்டா என்ற அந்த டாக்டர் நொந்து போனார். டாக்டரைத் தேடி மக்கள் வர முடியாது என்றால் மக்கள் இருக்கும் இடத்துக்கு உதவி போக வேண்டும் என்று நினைத்தார். யார் போவது? அவர் பாட்டிமார்களைக் கேட்டார். 2006 இல் ஹராரே நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் 14 பாட்டிமார்களோடு வேலை தொடங்கியது. சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. பாட்டி அதில் உட்கார்ந்திருப்பார். கஷ்டத்தில் இருப்பவர் வந்து பக்கத்தில் உட்காருவார். அந்த நாட்டு மக்கள் இந்த நோயைத் தங்கள் மொழியில் 'அதிகம் யோசிக்கும் நோய்' என்கிறார்கள்.

பாட்டி என்ன செய்வார்? முதலில் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். உன் கஷ்டங்களை எல்லாம் சொல் என்பார். அதில் முதலில் எதைத் தீர்க்கலாம் என்று கேட்பார். ஒன்றே ஒன்றை வந்தவரே எடுக்க வேண்டும். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் பேசுவார்கள். அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும்.

இது பலன் தருகிறதா என்று 573 பேரிடம் சோதித்தார்கள். பாட்டியிடம் பேசாமல் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 100 க்கு 50 பேருக்கு 6 மாதம் கழித்தும் மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 100 க்கு 14 பேருக்குத்தான் இருந்தது. 2016 இல் இந்த முடிவு வெளிவந்தது.

நம் ஊரில் திண்ணை இருந்தது. பெங்களூரில் வாடகை வீட்டுக்குத் திண்ணை இல்லை. மாடிப்படிதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா காலண்டர் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அங்கேதான்.

ஆனால் சில கஷ்டங்களை அக்காவிடமும் சொல்ல முடியாது. அடுத்த நாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும். அதற்கு ஒரு போன் நம்பர் இருக்கிறது. 14416. டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு நடத்துகிறது. 2022 அக்டோபர் 10 அன்று பெங்களூரு நிம்ஹான்ஸில் இதைத் தொடங்கினார்கள். நிம்ஹான்ஸ் நாட்டின் பெரிய மனநல ஆஸ்பத்திரி. அதுவும் இதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. இந்த போன் சேவைக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி. என்ற கல்வி நிறுவனம். அந்த அம்மா தினமும் பஸ்ஸில் கடந்து போகும் ஊரில் இருந்துதான் இந்த உதவி நாடு முழுக்கப் போகிறது.

எப்படிப் பேசுவது? எந்த போனில் இருந்தும் 14416 அழுத்தலாம். காசு இல்லை. 24 மணி நேரமும் பேசலாம். மொழியைக் கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கன்னடம், தெலுங்கு, இந்தி என்று 20 மொழிகள் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார். பேசியதை வெளியே சொல்லமாட்டார்கள். 2025 க்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. ஆகவே போன் செய்பவர் தனி ஆள் இல்லை. பைத்தியமும் இல்லை.

யார் காத்திருக்கக் கூடாது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதை டென்ஷன் என்று விட்டுவிடக் கூடாது. அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் சும்மா மிரட்டுகிறார் என்று நினைக்கக் கூடாது. அவரைத் தனியாக விடக் கூடாது. இன்னொன்று. நெஞ்சு வலித்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். டென்ஷன்தான், சோடா குடித்தால் சரியாகும் என்று உட்கார வேண்டாம். 108 க்கு போன் செய்ய வேண்டும்.

அந்த அம்மா வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. அதன் ஓரத்தில் கேஸ் நம்பர் இருக்கிறது. பள்ளிக்கூட நம்பர் இருக்கிறது. அதற்குக் கீழே 14416 என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இதுவரை அவர் அதில் பேசவில்லை. கீழ் வீட்டில் குடியிருக்கும் செக்யூரிட்டி வேலைக்காரரின் மனைவி ஒருநாள் வந்து, அந்த நம்பரைத் தன் கையில் எழுதிக்கொண்டு போனார்.